படர்க்கையில் மரியாதை

பெறுநர்:
மனிதவளத் துறைத் தலைவர்கள்,
தரமணி, சிறுசேரி, சரவணம்பட்டி மற்றும் தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் அலுவல் நடக்கும் ஏனைய இடங்கள்.



ஜூன் மாதம் வந்தால் உங்களில் பலருடைய நிறுவனச் சின்னம் வானவில் நிறத்துக்கு மாறுகிறது. மின்னஞ்சலில் பெயருக்குக் கீழே 'ஷி/ஹெர்', 'ஹி/ஹிம்', 'தே/தெம்' என்று விரும்பியதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வருகிறது. கூடவே ஒரு ஆன்லைன் பயிற்சி, கடைசியில் சில கேள்விகள், தேறியவர்களுக்குச் சான்றிதழ். வீடியோவை ஓரமாக ஓடவிட்டு வேறு வேலை பார்த்தபடியே தேறிவிடலாம் என்பது உங்களுக்கும் தெரியும், தேறியவர்களுக்கும் தெரியும்.

கிண்டல் செய்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. ஒன்றுமே செய்யாத நிறுவனங்கள் எவ்வளவோ இருக்க, நீங்கள் ஒரு வரியாவது சேர்த்தீர்கள். ஆனால் கவனம் போகவேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறோம்.

ஆங்கிலத்தில் ஒருவரிடம் நேருக்கு நேர் பேச 'யூ' ஒன்றே போதும். மேலதிகாரிக்கும் யூ, வாசலில் நிற்கும் காவலாளிக்கும் யூ. ஆண், பெண் பேதமில்லை. 'ஹி', 'ஷி', 'தே' எல்லாம் வேலைக்கு வருவது ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசும்போதுதான். பெரும்பாலும் அந்த ஆள் அங்கே இருக்கமாட்டார். உங்கள் பயிற்சி வீடியோவில் வருகிறவர்களோ ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, "உங்களை எப்படிக் குறிப்பிடட்டும்?" என்று இனிமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், கதவு சாத்திய அறையில் மற்றவர்களிடம் என்ன பேசுகிறார் என்பது வீடியோவில் வருவதில்லை.

அப்ரைசல் காலத்துக் காலிபரேஷன் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர்கள் நான்கைந்து பேர், திரையில் ஒரு எக்ஸெல் தாள், அதில் வரிசையாகப் பெயர்கள். யாருக்கு எந்த ரேட்டிங், யாருக்குப் பதவி உயர்வு என்று முடிவாகும் இடம். பட்டியலில் கனி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கனி தம்மை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் 'தே' என்று குறிப்பிடுங்கள் என்று குழுவிடம் எப்போதோ தெரிவித்துவிட்டார். நேரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. இப்போது கனியின் முறை வருகிறது. "ஹி இஸ் டெக்னிக்கலி குட்" என்று தொடங்குகிறார் டீம் லீட். "ஹியா, தேயா?" என்கிறார் இன்னொருவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். "சரி, எத்தனை பேருக்கு ரேட்டிங் போடணும்?" என்று மூன்றாமவர் தொடர, இன்னும் கொஞ்சம் சிரிப்பு. ரேட்டிங் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார்கள்.

போட்ட ரேட்டிங் சரியாகவேகூட இருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் இருந்த பெயர்களில் வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஆளைப் பற்றிச் சிரித்தது ஒருவரைப் பற்றி மட்டும்தான். கனிக்கு அது தெரியவே போவதில்லை. தெரியாததால் புகார் வராது. புகார் வராததால் உங்கள் ஆண்டறிக்கையில் அந்த ஆண்டு எந்தக் குறையும் இல்லை. மரியாதை இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய இடம் இந்த அறைதான் என்கிறோம். மின்னஞ்சல் அடியில் இருக்கும் வரியை எல்லோரும் பார்க்கிறார்கள், அதனால் அங்கே எல்லோரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள்.

இதைச் சொன்னால் உங்கள் மேனேஜர்களிடமிருந்து முதலில் வருவது இலக்கண ஆட்சேபம். ஒரு ஆளுக்கு எப்படி 'தே' போடுவது, அது பன்மை அல்லவா என்பார்கள். நாமெல்லாம் ரென் அண்ட் மார்ட்டின் படித்து வளர்ந்தவர்கள். பால் தெரியாத இடத்தில் 'ஹி' போடு என்று அந்தப் புத்தகம் சொல்லித்தந்தது. ஒன்பதாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த விதி அவ்வளவு லேசில் போகாது. முதல் தலைமுறையாக ஆங்கிலத்தில் வேலைபார்க்க வந்த ஒருவர், ஒரு வாக்கியம் தப்பாகிவிடுமோ என்று மின்னஞ்சலை மூன்று முறை படித்துவிட்டு அனுப்புகிறவர், 'தே' விஷயத்தில் தயங்கினால் அவரைப் பிற்போக்குவாதி என்று முத்திரை குத்துவது அநியாயம். அவருக்கு வேண்டியது விளக்கம்.

விளக்கம் ஒன்றும் கடினமில்லை. இதே மேனேஜர்தான் போன வாரம் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: "சம்ஒன் ஹாஸ் லெஃப்ட் தேர் ஐடி கார்டு இன் தி கேன்டீன்." தொலைந்தது ஒரு கார்டு, தொலைத்தவர் ஒருவர், போட்ட சொல் 'தேர்'. யாரும் பிழை என்று பதில் போடவில்லை, ஏனென்றால் அது பிழையில்லை. ஆள் யாரென்று தெரியாதபோது ஒருவரை 'தே' என்பது ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. ஷேக்ஸ்பியரிடம் உண்டு, ஜேன் ஆஸ்டினிடம் நிறையவே உண்டு. 'யூ'வும் ஒரு காலத்தில் பன்மைதான். ஒருவரைச் சொல்ல 'தௌ' என்று தனிச்சொல் இருந்தது. மரியாதைக்காகப் பன்மையில் பேசப்போய் ஒருமை அடியோடு வழக்கொழிந்தது. 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர் சமயத்தார் மட்டும், ஒரே ஒரு ஆளைப் போய் 'யூ' என்பதா, அது இலக்கணத்துக்கும் பொய், கடவுளுக்கும் பொய் என்று பிடிவாதம் பிடித்தார்கள். நீதிபதி முன்னால்கூட 'தௌ' என்று பேசி வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். இன்று ஆங்கிலம் பேசுகிற எவரும் 'யூ ஆர்' என்று ஒருவரைச் சொல்லக் கூசுவதில்லை.

ஆண்பாலில் எல்லோரும் அடங்குவர் என்ற விதி, ஒருவரை 'தே' என்னும் வழக்கைவிட வயதில் மிகவும் இளையது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலக்கணப் புத்தகங்கள் வழியாகப் பரவியது அது. முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் நியூகாசிலில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்ற பெண்மணி என்பது சரித்திரத்தின் குறும்பு. 1850-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டங்களின் நீளத்தைக் குறைக்க அதையே சட்டமாக்கியது. அங்கிருந்து நமக்குக் கப்பலேறி வந்தது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் எட்டாம் பிரிவிலேயே 'ஹி' என்றால் ஆணும்தான் பெண்ணும்தான் என்றது. 1897-இன் பொது வாசகங்கள் சட்டமும் அதையே சொன்னது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது இந்த விதியையும் புதுப்பித்தார்கள். எப்படித் தெரியுமா? 'ஹி' என்பது ஆண், பெண், திருநர் மூவரையும் குறிக்கும் என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். திருநர் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டதில் மகிழ்ச்சி. ஒப்புக்கொண்ட கையோடு அவர்களையும் 'ஹி'க்குள் உட்காரவைத்ததைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உங்கள் வேலை ஒப்பந்தங்களில் 'ஹி ஷல் இன்க்ளூட் ஷி' என்று ஒரு வரி வருகிறதே, அதன் பூர்வீகம் இதுதான்.

ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். யாரென்று தெரியாத ஒருவரை 'தே' என்பது பழசு. பெயரும் முகமும் தெரிந்த கனியை 'தே' என்பது புதுசு. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இந்தப் பொருளைச் சேர்த்ததே 2019 செப்டம்பரில்தான். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு அடுத்த மாதமே ஆய்வுக் கட்டுரைகளில் இதைப் பயன்படுத்தச் சொன்னது. புதுசு நாக்கில் படியக் கொஞ்சநாள் ஆகும், அதில் வெட்கமில்லை. புதிதாக ஒரு சொல்லையே செய்துவிட்டால் என்ன என்றும் பார்த்தாயிற்று. சார்லஸ் கன்வெர்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் 'தான்' (thon) என்று ஒரு பொதுச்சொல் படைத்தார். 1934-இன் வெப்ஸ்டர் பேரகராதியில் இடம்கூடப் பிடித்தது; யாரும் பேசாததால் 1961-இல் எடுத்துவிட்டார்கள். கன்வெர்ஸ் இசையும் அமைத்தவர். அவர் மெட்டமைத்த ஞானப்பாட்டு ஒன்று தமிழ்த் தேவாலயங்களில் இன்றும் ஒலிக்கிறது. மெட்டு நிலைத்தது, சொல் நிலைக்கவில்லை. வாயில் ஏற்கெனவே புழங்கிய 'தே'தான் தாக்குப்பிடித்தது.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு, அதை உங்கள் பயிற்சி தொடுவதே இல்லை. "கனி இஸ் ஆன் லீவ் டுடே. தே வில் ஜாயின் தி கால் டுமாரோ" என்று ஒரு கிளையன்ட்டுக்கு எழுதினால், நாளைக்கு மொத்தக் குழுவும் வரப்போகிறது என்று அவர் நினைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. தீர்வு சுலபம்: குழப்பம் வரும் இடத்தில் பெயரையே இன்னொரு முறை எழுதுவது, குழுவைச் சொல்லவேண்டுமென்றால் 'தி டீம்' என்று எழுதுவது. வினை எப்போதும் 'தே ஆர்'தான். ஒரு ஆள் என்பதால் 'தே இஸ்' ஆகாது, 'யூ இஸ்' ஆகாதது போலவே. இந்த நான்கு வரியையும் இரண்டு மாதிரி மின்னஞ்சல்களையும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தால், வானவில் பின்னணியில் ஓடிய வீடியோவைவிட உபயோகமாக இருந்திருக்கும். மிகவும் சங்கடப்படுகிறவர்களுக்கு ஒரு வழியும் இருக்கிறது: 'கனி', 'கனிஸ்' என்று பெயரை வைத்தே ஒரு மின்னஞ்சல் முழுவதையும் எழுதி முடிக்கலாம். நீளமான கடிதத்தில் கொஞ்சம் முட்டும், ஆனால் யாரையும் குத்தாது.

தமிழர்களுக்கு இது வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். காபி மெஷின் பக்கத்தில் அதே டீம் லீட் "கனி இன்னும் வரல, அவங்க வேற மீட்டிங்ல இருக்காங்க" என்கிறார். இருக்கைக்குத் திரும்பி வந்து அதையே ஆங்கிலத்தில் தட்டும்போதுதான் 'ஹி' வந்து விழுகிறது. ஒருவரைப் பலர்பாலில் சொல்வது நம் வாய்க்குப் புதிதில்லை. இதற்காக நாம் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம். சென்னைப் பேச்சில் 'அவரு' என்றால் ஆண், 'அவங்க' என்றால் பெண் என்று அனேகமாகப் பிரித்துக்கொண்டுவிட்டோம். வயதில் சிறியவர் என்றால் அவன், அவள் என்று சட்டென இறங்கிவிடுகிறோம். வினைமுற்றும் கூடவே இறங்குகிறது. ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. 'கேம்' என்ற வினைக்குப் பால் கிடையாது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில சொற்களைக் கவனித்தால் போதும்.

அமெரிக்கக் கிளையன்ட்டுகளுடன் பேசும் குழுக்களுக்கு இதில் சொந்த லாபமும் இருக்கிறது. டெய்லர், ஜோர்டன், அலெக்ஸ் என்ற பெயர்களுக்குப் பின்னால் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாமலேயே 'டியர் சார்' என்று எத்தனை மின்னஞ்சல்கள் இங்கிருந்து போகின்றன! அங்கிருந்து வருவதும் லேசுப்பட்டதில்லை. கிருபா, ஜோதி, தமிழ், அன்பு என்ற பெயர்களைப் பார்த்து அவர்கள் மனம்போனபடி ஒரு பாலை ஊகிக்கிறார்கள். பெண்ணான கிருபா இரண்டு ஆண்டுகளாக 'ஹி'யாக இருந்துவிட்டு, ஒருநாள் வீடியோ காலில் முகம் காட்டும்போது இரு பக்கமும் நெளிய வேண்டியிருக்கிறது. தெரியாத இடத்தில் 'தே' போடுவதும் 'டியர் டெய்லர்' என்று பெயர் சொல்லி எழுதுவதும் கனிக்காக மட்டுமல்ல என்பது இங்கே விளங்கும்.

இனி, அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்று. 'தே' என்பது திருநர் எல்லோருக்குமான சொல் அல்ல. திருநங்கை ஒருவர் வேலைக்குச் சேர்ந்ததும், மரியாதை என்று நினைத்து அவரை 'தே' என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அவர் பெண்ணாக வாழ எத்தனையோ விலை கொடுத்து வந்தவர். அவரே தம்மை 'ஷி' என்று சொல்லும்போது, அதைத் தர மனமில்லாமல் நடுவில் ஒரு சொல்லில் ஒளிந்துகொள்வது மரியாதையாகாது. திருநம்பி ஒருவரை 'ஹி' என்று சொல்லாமல் நழுவுவதும் அப்படித்தான். 2014 ஏப்ரலில் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம், தம் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று தீர்ப்பளித்தது. அலுவலக ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், அவர் சொன்ன சொல்லைப் போடுவது. திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019 வேலையிடத்தில் பாகுபாட்டைத் தடைசெய்ததோடு, நிறுவனங்கள் ஒரு புகார் அலுவலரை நியமிக்கவேண்டும் என்றது. அந்த அலுவலர் யார் என்று உங்கள் ஊழியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

தமிழிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் விசாரிக்கத் தொடங்கிய வழக்கின் தொடர்ச்சியாக, திருநர் உள்ளிட்டோரைக் கண்ணியமாகக் குறிப்பிடும் சொற்பட்டியலை அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. அரசிதழே செய்த வேலையை உங்கள் படிவங்கள் இன்னும் செய்யவில்லை.

படிவங்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆதார் விண்ணப்பத்தில் பாலினத்துக்கு மூன்றாவது கட்டம் இருக்கிறது. 2018 முதல் பான் கார்டு விண்ணப்பத்திலும் இருக்கிறது. வருமான வரித்துறையைவிட இளகிய மனம் உடையதாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் தனியார் நிறுவனத்தின் ஹெச்.ஆர். போர்ட்டலில் இரண்டே கட்டம் இருந்தால் அதை என்னவென்று சொல்வது? அதற்கும் மேலே மிஸ்டர், மிஸ், மிஸஸ் என்று இன்னொரு கட்டாயக் கட்டம். அந்தக் கட்டத்தால் சம்பளக் கணக்குக்கோ பிராவிடண்ட் ஃபண்டுக்கோ என்ன பயன் என்று யோசித்தால், எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். விடுப்பு விதிகளில் 'தி எம்ப்ளாயி ஷல் சப்மிட் ஹிஸ்/ஹெர் அப்ளிகேஷன்' என்று சாய்கோடு போட்டுச் சிரமப்படாமல் 'சப்மிட் யுவர் அப்ளிகேஷன்' என்று எழுதினால் ஆங்கிலமும் நன்றாக இருக்கும், யாரும் விடுபடவும் மாட்டார்கள். பல விதிப் புத்தகங்களை 'யூ' என்று மாற்றி எழுதினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் சட்டப் பிரிவு கொஞ்சம் முனகும், முனகட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உற்சாக மிகுதியில் சில இடங்களில் எல்லோரும் தங்கள் பிரதிப்பெயரைக் கட்டாயம் போடவேண்டும் என்று உத்தரவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்னும் யாரிடமும் சொல்லாத ஒருவருக்கு அந்தக் கட்டாயம் இரண்டே வழிகளைத்தான் விடுகிறது: பொய் எழுதுவது, அல்லது தயாராவதற்கு முன்பே ஊருக்குச் சொல்வது. குழுவிடம் சொன்ன ஒருவர் வீட்டில் சொல்லாமல் இருப்பார். அவருடைய சேர்க்கைக் கடிதம் வீட்டு முகவரிக்குப் போகும், குடும்ப விழாவில் கழுத்தில் மாட்டும் அட்டை அப்பா கண்ணில் படும், பழைய நிறுவனத்தில் சான்று விசாரிக்கிறவர் வாய்தவறிச் சொல்வார். ஆகவே ஒருவர் தம் சொல்லைத் தெரிவித்தால், அதை எங்கெங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று அவரையே கேளுங்கள். இந்த ஒரு கேள்வி எந்தப் படிவத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

தவறுவது பற்றி. பழக்கதோஷத்தில் 'ஹி' என்று வந்துவிட்டால், "ஸாரி, தே" என்று திருத்திக்கொண்டு மேலே போகவேண்டியதுதான். "ஐயோ, எனக்கு இது வரவே மாட்டேங்குது, தப்பா நினைச்சுக்காதீங்க, எங்க வீட்ல எல்லாம்..." என்று ஐந்து நிமிடம் வருந்தினால், கடைசியில் கனிதான் உங்களைத் தேற்றவேண்டிவரும். நாக்கு தவறுகிறவரையும், பலமுறை சொல்லியும் வேண்டுமென்றே பிடிவாதமாக 'ஹி' என்கிறவரையும் ஒரே விதியில் கட்டாதீர்கள். முதலாமவருக்கு நாள் கொடுங்கள். இரண்டாமவர் செய்வது இலக்கணமல்ல, அதை வேறு எந்த அவமதிப்பையும் விசாரிப்பதுபோல் விசாரிக்கலாம்.

கடைசியாக நாங்கள் கேட்பது இதைத்தான். அடுத்த காலிபரேஷன் கூட்டத்துக்கு முன்னால், ரேட்டிங் தாளின் பெயர்ப் பத்திக்குப் பக்கத்தில், சம்பந்தப்பட்டவர் ஒப்புதல் தந்திருந்தால் மட்டும், அவர் சொன்ன சொல்லையும் சேர்த்து வையுங்கள். கூட்டத்தை நடத்தும் ஹெச்.ஆர். அலுவலருக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்: இல்லாதவரைப் பற்றித் தவறான சொல் வந்தால் அந்த இடத்திலேயே திருத்துவது, சிரிப்பு எழுந்தால் பேச்சை வேலைக்குத் திருப்புவது. எழுத்தில் போகும் அப்ரைசல் குறிப்பை அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்க்கவும் அவரே போதும். இதற்கு மென்பொருள் வேண்டாம், வெளியிலிருந்து பயிற்சியாளர் வேண்டாம், பட்ஜெட்டில் தனித் தலைப்பும் வேண்டாம்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று எழுதினால் அடுத்த இதழில் ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிடுகிறோம். நிறுவனத்தின் பெயரைப் போடவேண்டாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு